ஒற்றைத் தலைவலி: வந்தபின் மாத்திரையா, வராமலிருக்க மாத்திரையா?

ஒற்றைத் தலைவலிக்கு மருந்து இரண்டு வகை. ஒன்று வலி வந்தபின் போடுவது, மற்றொன்று வராமல் தடுக்கத் தினமும் போடுவது. உங்களுக்கு எது என்று முடிவு செய்ய டாக்டருக்கு முக்கியமாகத் தேவைப்படுவது இரண்டு எண்கள்: மாதத்தில் எத்தனை நாள் வலி, எத்தனை நாள் மாத்திரை. "அடிக்கடி வருது சார், தாங்க முடியல" என்றால் அவருக்குப் பிடி கிடைக்காது. மாதக் காலண்டரில் வலி வந்த தேதியை வட்டமிடுங்கள், மாத்திரை போட்ட தேதியில் பெருக்கல் குறி போடுங்கள். பெண்கள் மாதவிலக்குத் தேதியையும் குறிக்க வேண்டும்.

மாதம் இரண்டு மூன்று முறை மட்டும் வருபவருக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும்: பாராசிட்டமால், நாப்ராக்சன், சுமட்ரிப்டான். வலி லேசாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். "பார்க்கலாம்" என்று இழுத்தால் இரைப்பை மந்தமாகி, மருந்து உடம்பில் சேரவே தாமதமாகும். வாந்தி வந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தனி மாத்திரை உண்டு. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்குச் சுமட்ரிப்டான் கூடாது.

இதில் சிக்கல் அளவுதான். சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாள், சுமட்ரிப்டானோ, பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையோ 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மெடிக்கலில் உதிரியாக வாங்கியதும் இந்தக் கணக்கில் சேரும். பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள்.

மாதம் 4 நாளோ அதற்கு மேலோ வலி என்றால் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்கலாம். இங்கே நீங்கள் செய்யும் தொழிலையும் சொல்லியாக வேண்டும். தடுப்பு மருந்துகளில் ப்ரோப்ரனலால் பி.பி., படபடப்பு உள்ளவருக்குப் பொருந்தும், வீசிங் உள்ளவருக்குக் கூடாது. நாடித்துடிப்பைக் குறைப்பதால், ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் மேடு ஏறி இறங்குபவருக்குச் சீக்கிரம் களைப்பு தட்டும். டோபிராமேட்டில் எடை குறையும், விரல் நுனி சுருசுருக்கும். அதுகூடப் பரவாயில்லை; வியர்வை குறையும், சிறுநீரகக் கல்லும் வரலாம். சேலத்துச் சித்திரை வெயிலில், வெள்ளிப் பட்டறையில் தீ முன்னால் உட்கார்ந்து கொலுசு பற்றவைப்பவருக்கு இதை எழுதுமுன் டாக்டர் யோசிக்க வேண்டும், அவர் வேலையைச் சொன்னால்தானே யோசிப்பார்! கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். டோபிராமேட்டும், இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிக்கும்.

தூக்கம் வராதவருக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வாய் வறளும், காலையில் மந்தமாக இருக்கும். ஃப்ளுனரிசினில் உடம்பு போடும், மனச்சோர்வு உள்ளவருக்கு ஆகாது.

நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, பேச்சுக் குளறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி: இவற்றுக்கு இந்த ஒப்பீடே வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, சரியான அளவை எட்டியபின் 8 வாரமாவது ஆகும். வலி நாட்கள் பாதியானாலே மருந்து பிடித்திருக்கிறது என்று கொள்வார்கள். பத்து நாளில் பலனில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ப்ரோப்ரனலாலைத் திடீரென்று விடவே கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.