15 வினாடியா, 20 வினாடியா: ஊர்க்காரர்கள் பேசும் மாலைக்கு எந்த வடிவம்?

ஏதோ ஒன்றில் ஆண்டுக்கணக்காக மூழ்கிக் கிடக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை மாதம் ஒரு மாலை கூட்டிவந்து, கொஞ்ச நேரம் பேசவைத்துக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஆளுக்கு எவ்வளவு நேரம் தருவது என்பதைத்தான். சரியான கேள்வி. யார் மேடையேறுவார்கள், யார் கடைசிவரை கீழேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அந்த நேரக்கணக்கு பெரிதும் முடிவு செய்துவிடுகிறது. எங்கள் ஊர் நூலகத்து மாடி அறையில் இரண்டு வருடமாக இப்படி ஒரு கூட்டம் நடத்துகிறோம். மூன்று வடிவங்களை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு நான் சொல்வது: தமிழில் நடத்துவதென்றால், பேசுபவர் திரையில் காட்டிப் பேச 20 படம், படத்துக்கு 20 வினாடி.

அந்த வடிவத்தின் பெயர் பெச்சா குச்சா. டோக்கியோவில் 2003 பிப்ரவரியில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைத்தம் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் தொடங்கினார்கள். மொத்தம் 6 நிமிடம் 40 வினாடி. படம் தானாக நகரும், பேசுபவர் கையில் பொத்தான் கிடையாது. கட்டடக் கலைஞர்களிடம் மைக்கையும் படங்களையும் கொடுத்தால் இறங்கவே மாட்டார்கள், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெயர், ஜப்பானிய மொழியில் நம்முடைய ‘சளசள’ போன்ற ஓர் ஒலிக்குறிப்பு. முதன்முதலில் கேட்டபோது என் காதில் ‘பேச்சு’ என்றே விழுந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் நடக்கிறது.

இதற்கு நேர்ப் போட்டி இக்னைட். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2006-இல் பிரேடி ஃபாரஸ்ட், பிரே பெட்டிஸ் இருவரும் ஆரம்பித்தது. முதல் மாலையில் பேச்சோடு சேர்த்து ஐஸ் குச்சியில் பாலம் கட்டும் போட்டியும் வைத்தார்களாம். படங்கள் இங்கும் 20தான், ஆனால் ஒவ்வொன்றும் 15 வினாடி, ஆக மொத்தம் 5 நிமிடம். தாளில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆளுக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. பத்துப் பேர் 50 நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு நாங்களும் முதலில் 15 வினாடியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது மாதம், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் பேச வந்தார். முப்பது வருடப் பயணச்சீட்டுகளைச் சேர்த்துவைத்திருப்பவர். விரலிடுக்கில் சீட்டுக்கட்டை எப்படி அடுக்கிப் பிடிப்பது, எந்த விலைக்கு எந்த நிறம், கூட்டத்தில் ஈரக்கையோடு சீட்டு கிழிக்கும்போது என்னாகும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மேடையேறினார். ஒரு நீலச் சீட்டின் படம் வந்தது. “இந்தச் சீட்டு, எங்க டெப்போவுல மெஷின் வர்றதுக்கு முந்தின நாள், கடைசி ட்ரிப்புல, ஒரு பாட்டியம்மா எனக்கே திருப்பிக் குடுத்துட்டு…” என்று இழுத்தார். படம் மாறிவிட்டது. அடுத்த படத்தில் ஒரு தோல்பை. எல்லோர் கண்ணும் பைக்குப் போய்விட்டது. பாட்டியம்மா என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பது யார் காதிலும் விழவில்லை. இறங்கி வந்து என்னிடம், “தம்பி, ஆள் இறங்கி முடிக்கல, அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டீங்களே” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எப்போது, எங்கே, யாரிடம் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசிச் சொல்லில்தான் என்ன நடந்தது என்பது தெரியும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. வினை முன்னாலேயே வந்துவிடுவதால், வாக்கியத்தின் வால் அடுத்த படத்துக்குள் நீண்டாலும் சேதம் குறைவு. தமிழில் வால் போனால் சேதியே போய்விடும். நான் நிதானமாகப் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து எண்ணிப் பார்த்தேன். 15 வினாடிக்கு 25 சொல், 20 வினாடிக்கு 33. அந்த எட்டுச் சொல்தான் ஒரு வாக்கியம் முடிந்து மூச்சு விடும் இடம். 25 சொல்லில் இரண்டு வாக்கியம் சொல்லலாம், ஆனால் இரண்டாவது வாக்கியம் முடிகிற நொடியில் படம் மாறும். 33 இருந்தால் இரண்டு வாக்கியம் சொல்லி, ஒரு நொடி நின்று, சபையைப் பார்த்துச் சிரிக்கவும் முடியும்.

மூன்று மாதம் கழித்து அதே நடத்துநரை 20 வினாடிக்கு அழைத்தோம். வீட்டில் பேத்தியை உட்காரவைத்து ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் படம் மாறுவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் “ரைட்!” என்றார். படம் நகர்ந்தது. நான்காவது படத்திலிருந்து அறை முழுவதும் அவரோடு சேர்ந்து “ரைட்!” சொல்ல ஆரம்பித்தது. அந்தப் பாட்டியம்மா, “இனிமே இது கிடைக்காதுல்ல, நீயே வெச்சுக்க சாமி” என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்ததை அன்றுதான் கேட்டோம்.

கடிகாரம் தானாக ஓடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் மேடைகளில் மரியாதைக்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்கி, வந்திருக்கும் ஒவ்வொருவரையும் விளித்து முடிக்கவே சில நிமிடங்கள் ஓடிவிடும். விளிக்காவிட்டால் குறையாகிவிடுமோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். முதல் படம் ஓடத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தால், “எல்லாருக்கும் வணக்கம்” என்பதோடு விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். யாரும் யாரையும் விட்டுவிட்டதாக வருத்தப்படுவதில்லை, ஏனென்றால் நேரத்தைக் குறைத்தது மனிதர் இல்லை.

‘பேசாமல் பட்டிமன்றம் வைத்துவிடலாமே’ என்று கேட்டவர்கள் உண்டு. எனக்குப் பட்டிமன்றம் பிடிக்கும். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது, அவ்வளவு பழைய மரபு. ஆனால் அது வாதம் செய்யத் தெரிந்தவர்களின் மேடை. ஓர் அணி, ஓர் எதிரணி, ஒரு தீர்ப்பு வேண்டும். பயணச்சீட்டுக்கு எதிரணி எங்கிருந்து வரும்?

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றம் வேறு வழி. 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. வழக்கமான பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு காட்டி நேரத்தைச் சொல்வார்கள். ‘வந்து… வந்து…’ என்று தடுமாறுவதை எண்ணுவதற்கே ஓர் ஆள் இருப்பார். பேச்சாளராக வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் நடத்துநர் பேச்சாளராக வரவில்லை, சீட்டைக் காட்ட வந்தார். அவர் எத்தனை முறை ‘வந்து’ சொன்னார் என்று எண்ணியிருந்தால் மறுமுறை வந்திருக்கவே மாட்டார்.

மென்பொருள்காரர்களின் மின்னல் உரைகளும் உண்டு. 5 நிமிடம், படம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நேரம் முடிந்தால் மணி. அன்றைக்கே பெயர் கொடுத்து அன்றைக்கே பேசலாம் என்பது இதன் பெரிய பலம். எங்களிடம் கடைசி அரைமணி நேரம் இதுதான்.

இவற்றில் 20 வினாடிக்கு உண்மையான சவால் நெர்டு நைட். பாஸ்டனில் 2003-இல், பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்த கிறிஸ் பாலகிருஷ்ணன் என்ற மாணவர், தான் வழக்கமாகப் போகும் மதுக்கூடத்தில் தன் ஆய்வைப் படம் போட்டுக் காட்டியதிலிருந்து வளர்ந்தது. ஒருவருக்கு ஏறக்குறைய 20 நிமிடம், பிறகு கேள்விகள். ஒரு மாலைக்கு மூன்று பேர் போதும். பெச்சா குச்சாவில் முடியாத ஒன்று இதில் முடியும்: காரணத்தை விளக்கலாம். எங்கள் ஊர் ஏரியின் மதகைப் பற்றி ஒருவர் 20 வினாடிப் படங்களில் பேசியபோது, தண்ணீர் எந்த வயலுக்கு எந்த வரிசையில் போகும், அந்த வரிசை ஏன் அப்படி என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். ஒரே வரைபடத்தின் மேல் விரல் வைத்து நான்கு நிமிடம் நிற்க வேண்டிய விஷயம் அது. இந்த இடத்தில் 20 வினாடி தோற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கேள்வி கேட்க இடமில்லை என்பதும் குறைதான். எங்களிடம் கேள்வியெல்லாம் கீழே டீக்கடையில் நடக்கிறது. கூச்சப்படுபவர்கள் அங்கே வருவதில்லை.

ஆனால் முதல் தடவை மேடையேறுபவரிடம் 20 நிமிடம் பேசுங்கள் என்றால் பாதிப்பேர் அங்கேயே மறுத்துவிடுகிறார்கள். 20 படம் எடுத்து வாருங்கள் என்றால், “அவ்வளவுதானா?” என்கிறார்கள். அதனால் வாசல் 20 வினாடியாக இருக்கட்டும். மதகுக்காரரைப் போன்றவரை அடுத்த மாதம் நெர்டு நைட் அளவுக்கு நேரம் கொடுத்துத் திரும்ப அழையுங்கள். எங்கள் கணக்கு இப்போது இப்படி: ஐந்து பேருக்கு 20 வினாடிப் படங்கள் என்றால் 33 நிமிடம் 20 வினாடி, பிறகு டீ, பிறகு ஒரே ஒரு நீண்ட பேச்சு, கேள்விகள், கடைசியில் மின்னல் உரைகள்.

நடத்துபவர்களுக்குச் சில வேலைக்குறிப்புகள். பவர்பாயிண்டில் டிரான்சிஷன்ஸ் என்ற பகுதியில் ஆஃப்டர் என்ற கட்டத்தில் 20 வினாடி வைத்து, மவுஸ் கிளிக்குக்கான குறியை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸிலும் இதே வசதி உண்டு. படம் பறந்து வருவது, கரைவது போன்ற அலங்காரம் எதுவும் வேண்டாம். அதற்கும் நேரம் போகும், 20 படத்தில் அது கூடிக்கொண்டே வரும். எல்லோருடைய படங்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள், லேப்டாப்பைக் கழற்றி மாட்டும் நேரம் மிச்சம். படத்தின் மேல் எழுத்து வேண்டாம், சபை வாசிக்கப் போய்விடும். பெச்சா குச்சா என்பது பதிவுபெற்ற பெயர், ஊருக்கு ஊர் அனுமதி பெற்று நடத்துவது. நாங்கள் அந்தப் பெயரைப் போடாமல் வெறும் ‘இருபது படம்’ என்றே அறிவிக்கிறோம்.

அடுத்த மாதம் கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா பேசுகிறார். அவர் கைக்கு ஒரு முழம், பக்கத்துக் கடைக்காரர் கைக்கு வேறு முழம், வாங்குபவர் தன் கையை நீட்டி அளந்து பார்த்துச் சண்டைக்கு வருவது, நாரை நனைத்துவைக்கும் பக்குவம், மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் விரல் மாறுவது எல்லாம் சொல்லப்போகிறார். “படத்துக்கு நான் எங்கடா போவேன்?” என்றார். அவர் மகன் விடிகாலையில் கடைக்கே வந்து, அவர் கட்டக் கட்டக் கைபேசியில் எடுத்துக்கொண்டிருக்கிறான். நேற்றுவரை ஏழு படம் தேறியிருக்கிறது. பதின்மூன்று பாக்கி.