பத்மநாபபுரம் அரண்மனை 'ஸ்பெஷல் பேக்கேஜ்': 7,400 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க ஆன்லைனில் பேக்கேஜ் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நேற்று எங்களுக்கு 7,400 ரூபாய் போனது. பணம்கூடப் பரவாயில்லை. முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாவைத் தக்கலைப் பக்கத்தில் இருக்கிற அந்த அரண்மனை வரை கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் சுற்றுலா விற்கிற ஒரு இணையதளம் அது. நாகர்கோவிலில் இருந்து கார், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு 7,400. அம்மா அன்று இரவு ரயிலில் கோவை திரும்ப வேண்டும், எங்களுக்கு இருந்தது திங்கட்கிழமை மட்டும்தான். திங்கள் அரண்மனைக்கு விடுமுறை என்பது எனக்குத் தெரியும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே போன் போட்டு அதையே கேட்டேன்.

"அது பொதுமக்களுக்குத்தான் மேடம். அரண்மனை இருக்கிறது தமிழ்நாட்டில், ஆனால் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நாங்கள் திருவனந்தபுரத்தில் இருந்து தனி அனுமதி வாங்கிவிடுவோம். கூட்டமே இல்லாமல் பார்க்கலாம், அம்மாவுக்கும் வசதி" என்றார் அந்த ஆள். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் கையில்தான் இருக்கிறது, அது உண்மை. அந்த உண்மையை வைத்தே பொய்யை விற்றார். அதோடு விடவில்லை. மந்திரசாலை என்கிற மன்னரின் ஆலோசனை மண்டபத்தில் இருக்கும் வண்ண அபிரக (மைக்கா) சன்னல், சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரை, 64 வகை மூலிகை மரத்தில் செய்த கட்டில், ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இவ்வளவு தெரிஞ்சவர் பொய் சொல்லமாட்டார், கட்டிடு" என்றார். அப்போதே முழுத் தொகையையும் யுபிஐயில் அனுப்பினேன்.

வாசலில் காவலாளி எங்களைப் பார்த்துப் பாவமாகச் சொன்னார்: "திங்கக்கிழமை என்னைக்குமே திறக்கமாட்டோம்மா. தனி அனுமதின்னு எங்களுக்கு ஒரு தகவலும் வரலையே." வழிகாட்டி என்று யாரும் வரவே இல்லை. டிரைவர் தம்பி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, வண்டியை மட்டும்தான் கேட்டாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அங்கிருந்தே அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். முதலில் "அனுமதி மெயில் வந்துகொண்டிருக்கிறது, அரை மணி நேரம் பொறுங்கள்" என்றார்கள். வெயிலில் பொறுத்தோம். அப்புறம் எடுத்த பெண், "தேதியை நீங்கள்தானே மேடம் தேர்ந்தெடுத்தீர்கள்" என்றார். கேட்டுவிட்டுத்தானே கட்டினேன் என்றால், "எங்கள் சிஸ்டத்தில் அப்படி எதுவும் பதிவாகவில்லை". ரீஃபண்ட் கேட்டதும் மேனேஜர் மீட்டிங்கில் போய்விட்டார். சாயங்காலம் ஒரு வவுச்சர் அனுப்பினார்கள், ஆறு மாதத்துக்குள் அவர்களிடமே இன்னொரு சுற்றுலா போகலாமாம்! 7,400 ரூபாயைக் கொண்டு போய்க் கொடுத்த இடத்திலேயே மறுபடியும் நான் போய் நிற்கவேண்டுமா? அதைக் கேட்டு எழுதியதும் வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்துவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் சொல்கிறேன். அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. 'தனி அனுமதி' என்று எவன் சொன்னாலும் அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். சீட்டு வாசல் கவுண்டரிலேயே கிடைக்கும், இடையில் ஆள் தேவையில்லை. போனில் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். சைபர் குற்றப் புகாருக்கான 1930க்கும் சொல்லியாகிவிட்டது. இதே மாதிரி 'திங்கள் ஸ்பெஷல்' என்று யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், கிளம்பும் நாள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள்.