ஃபெர்ன்வொர்தி: ஒரு சாண் மீனுக்காக ஒரு நாள்

மீன்பிடிக்கப் போனேன் என்று இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் இருக்கிற நம் ஆட்களிடம் சொன்னால், அடுத்த கேள்வி "எத்தனை கிலோ?" என்பதுதான். டார்ட்மூர் மேட்டில் இருக்கும் ஃபெர்ன்வொர்தி நீர்த்தேக்கத்துக்கு அந்தக் கணக்கோடு போகாதீர்கள். இங்கே இருப்பது பிரவுன் ட்ரவுட் என்ற மீன். ஒரு சாண் இருந்தாலே நல்ல மீன். ஒரு சாணுக்கு மேல் நான்கு விரல் இருந்தால் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம். இந்த ஆண்டு மூன்று தடவை போய்விட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஏழு மீன். கொடுத்த காசுக்கு எனக்கு முழுத் திருப்தி.

சாக்ஃபோர்டு ஊரைத் தாண்டினால் சாலை ஒரு கார் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போகவேண்டும். தெற்கு டீன் ஆற்றை மறித்து, டார்க்கி நகரத்தின் குடிநீருக்காக 1942இல் கட்டி முடித்த அணை இது. பரப்பு 76 ஏக்கர். நம் ஊர்க் கணக்கில் ஒரு குளம். சுற்றிலும் ஊசியிலை மரங்கள், அவற்றுக்கு அப்பால் புல்லும் புதரும் மட்டுமே உள்ள மேட்டுநிலம். மழை பொய்த்து தண்ணீர் நன்றாக இறங்கினால், உள்ளே மூழ்கிக் கிடக்கும் பழைய கற்பாலம் தெரியும்.

தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கும். அழுக்கு என்று நினைக்கவேண்டாம். செடிகள் மக்கிச் சேர்ந்த பீட் மண் கொடுக்கிற நிறம் அது. அடியில் இருப்பதோ கிரானைட் பாறை. அதனால் தண்ணீரில் அமிலம் கூடுதல், சத்து குறைவு. மீனுக்கு உள்ளே கிடைக்கிற தீனி போதாது. காற்று கொண்டுவந்து போடுகிற வண்டையும் ஈயையும் எதிர்பார்த்தே வாழ்கிறது. மீன் ஏன் சிறியது, ஏன் இவ்வளவு வேகமாக வந்து கவ்வுகிறது, எங்கே நின்று வீசவேண்டும், எல்லாவற்றுக்கும் பதில் இந்த ஒன்றில் இருக்கிறது.

இங்கே ஃப்ளை என்கிற போலிப் பூச்சியைக் கட்டிய தூண்டில் மட்டும்தான். தக்கை கிடையாது, ஈயம் கிடையாது, புழு கிடையாது. அம்பாசமுத்திரம் வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்து வளர்ந்தவன் நான். முள்ளில் நூலும் இறகும் சுற்றி, பூச்சி மாதிரி செய்து ஒரு மீனை நம்பவைக்க முடியும் என்பதே எனக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பூச்சிக்கு எடையே இல்லை. எடை இருப்பது தடிமனான லைனில், அதாவது தூண்டில் கயிற்றில். லைனைப் பின்னால் வீசி, அது முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் விடவேண்டும். அந்த ஒரு கணப் பொறுமை எனக்குக் கைவர ஒரு வருடம் ஆனது.

ஆரம்பத்தில் ஒரு கடையில் 7ஆம் எண் ராடை (தூண்டில் கம்பு) என் தலையில் கட்டிவிட்டார்கள். எண் கூடினால் லைனின் எடையும் கூடும். பண்ணையில் வளர்த்து ஏரியில் விட்ட மூன்று கிலோ ரெயின்போ ட்ரவுட்டுக்கு அது சரி. இங்கே அந்த லைன் தண்ணீரில் விழுகிற சத்தத்துக்கே கரையோர மீன் ஓடிவிடும். இப்போது 5ஆம் எண், ஒன்பதரை அடி, மிதக்கும் லைன். அதற்கு மேல் எதுவும் வாங்கவேண்டாம்.

ஜூன் முதல் வாரம் மகளையும் கூட்டிப் போனேன். காலை பத்து மணிவரை ஒன்றும் இல்லை. பெரணிப் புதர் ஓரம் உட்கார்ந்திருந்தவள், "அப்பா, இங்க பாருங்க, பச்சைத் தலை, பழுப்பு முதுகு"ன்னு கூப்பிட்டாள். உள்ளங்கையில் வண்டு. ஜூன் மாதம் இந்தப் பெரணிகளில் மொய்க்கிற வண்டு அதுதான். பெட்டியைத் திறந்து காக்-எ-பண்டி என்கிற பழைய வேல்ஸ் நாட்டு ஃப்ளையை எடுத்தேன். உடம்புக்கு மயிலிறகின் இழை, கழுத்துக்குச் செம்பழுப்பும் கருப்புமான சேவல் இறகு. "இது நம்ம மயிலா?" என்று கேட்டாள். ஆமாம், நம்ம மயில்தான்.

காற்று எங்கள் முதுகிலிருந்து ஏரிப் பக்கம் வீசியது. அப்படியென்றால் வண்டுகள் எங்கள் கரையிலிருந்துதான் தண்ணீரில் விழுகின்றன. கரையை ஒட்டி நிற்காமல் நான்கு அடி தள்ளி நின்று, முட்டளவு ஆழம்கூட இல்லாத இடத்தில் வீசினேன். இரண்டாவது வீச்சில் ஒரு சின்ன வட்டம், பிறகு சுளீரென்று ஓர் இழுப்பு. சுண்டியது சரியாக அமைந்தது. ஈரக்கையால் பிடித்து வலையிலேயே வைத்துப் பார்த்தோம். வெண்ணெய் காய்ச்சிய நிறத்தில் வயிறு, பக்கவாட்டில் கரும்புள்ளிகள், இடையிடையே வெளிர் வளையம் போட்ட செம்புள்ளிகள். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் நான் பார்த்ததும் ட்ரவுட்தான், ஆனால் அது ரெயின்போ. அதன் பூர்வீகம் பசிபிக் கரை. இந்தப் பிரவுன் ட்ரவுட்டோ இந்த மண்ணுக்கே உரியது. எடை அரை பவுண்டுகூட இருக்காது. முள்ளின் எதிர்முள்ளை முன்பே நசுக்கிவிட்டதால் சுலபமாகக் கழன்றது.

மதியம் காற்று நின்றது. அதன்பிறகு இரண்டு மணிநேரம் ஒரு மீனும் மேலே வரவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் சாப்பாட்டுப் பையைப் பிரித்துவிடுங்கள். அந்த நேரத்தில் மரங்களுக்குள் நடந்து, வெண்கலக் கால மக்கள் நட்ட கல்வட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்.

முதல்முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏரிக்கான அனுமதிச் சீட்டு தனி, அரசின் ராடு உரிமம் தனி. 13 வயதிலிருந்து உரிமம் கட்டாயம். சீட்டுக்கு ஏறக்குறைய ஒரு சினிமா டிக்கெட் செலவுதான். பெரணிக்குள் உண்ணி உண்டு, லைம் நோய் வரலாம், அதனால் முழுக்கால் சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால் பாருங்கள். ஜூனிலும் மழைச் சட்டை வேண்டும். பெரிய மீன் தூக்கிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ரெயின்போ விடுகிற ஏரிக்குப் போவதே நல்லது, அதில் தவறில்லை. நடந்துகொண்டே, மூன்று வீச்சுக்கு ஒருமுறை இடம் மாற்றி, நாள் முழுக்கத் தண்ணீரைக் கவனிக்கப் பிடித்தவர்களுக்கு எக்ஸிட்டரைச் சுற்றி நான் போன இடங்களில் இதுதான் முதலிடம்.

ஆகஸ்டில் மேட்டில் ஹெதர் புதர் பூக்கும்போது செங்கால் ஈ ஒன்று அங்கிருந்து பறந்து வந்து தண்ணீரில் விழும். அதற்கான பிபியோ ஃப்ளை, கருப்பு உடம்பில் நடுவே ஒரு சிவப்புப் பட்டை. ஐந்து கட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு மகள் கட்டியது.