டிஆர்வி மாற்றினேன் என்று 420 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார், வால்வு அப்படியே இருக்கிறது

420 பவுண்டு. மூன்று ரேடியேட்டருக்கு டிஆர்வி (அறைச் சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குள் வெந்நீரைத் தானாகத் திறந்து மூடும் வால்வு) மாற்றியதாக பில். மாறியது மேலே இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் ஹெட் மட்டும். அடியில் இருக்கிற பித்தளை வால்வை ஸ்பேனர்கூடத் தொடவில்லை. இங்கிலாந்தில் குளிர் தொடங்குமுன் ஹீட்டிங் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கோளாறு இதுதான். மாடி அறைகளில் ஹெட்டில் இருக்கும் டயலைப் பனிக்குறிக்கு (ஆகக் குறைந்த அளவு) திருப்பி வைத்தாலும் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டே இருந்தது. 3-ல் வைத்திருக்கும்போது சூடாக இருந்தால் அது கோளாறு இல்லை. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. அறை அந்த அளவை எட்டும்வரை சூடு வரத்தான் செய்யும். பனிக்குறியில் வைத்து ஒரு மணி நேரம் கழித்தும் கை வைக்க முடியாத சூடு இருந்தால்தான் வால்வு மூடவில்லை என்று அர்த்தம்.

ஏன் மூடாது? ஹெட்டுக்குள் மெழுகோ திரவமோ அடைத்த ஒரு குப்பி இருக்கும். அறை சூடானால் அது விரிந்து, வால்வின் உச்சியில் இருக்கும் சின்ன ஊசியைக் கீழே அழுத்தும். ஊசியின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் போய் உட்கார்ந்து தண்ணீரை அடைக்கும். ஆக, கோளாறு ஹெட்டில் இருக்கலாம், ஊசியில் இருக்கலாம், வாஷர் உட்காரும் இடத்தில் இருக்கலாம். எது என்று பார்க்கப் பிளம்பரே வேண்டாம். டயலை 5-க்குத் திருப்பி, ஹெட்டின் கழுத்தில் இருக்கும் வளையத்தை இடப்பக்கமாகச் சுற்றினால் ஹெட் கையோடு வந்துவிடும் (சில மாடல்களில் வளையம் இல்லை, கிளிப்தான்). தண்ணீர் வராது, பயப்பட வேண்டாம். ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் ஊசியை அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் இறங்கி, விட்டதும் துள்ளி மேலே வர வேண்டும். இறங்கவே இல்லையென்றால் ஊசி இறுகிவிட்டது: சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து, மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். இடுக்கியால் பிடித்து மேலே மட்டும் இழுக்காதீர்கள். சில மாடல்களில் ஊசி கையோடு வந்து, கருப்புத் தண்ணீர் கூரை வரைக்கும் அடிக்கும்.

ஊசி நன்றாக இறங்குகிறது, முழுக்க அழுத்தி வைத்தால் ரேடியேட்டர் ஆறுகிறது என்றால் பழுது ஹெட்டில். புது ஹெட் போதும், ஐந்து நிமிட வேலை. அழுத்தியே வைத்திருந்தும் சூடு குறையவில்லையென்றால் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது அது உட்காரும் இடத்தில் துருச்சேறு படிந்திருக்கிறது. அதற்கு வால்வையே மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றும் இந்தக் கடைசி வகை. சிஸ்டத்தின் தண்ணீரை இறக்கிச் செய்ய வேண்டிய வேலை என்பதால்தான் ஆளைக் கூப்பிட்டேன்.

வேலையாட்களைத் தேடித் தருகிற ஒரு ஆப் வழியாக வந்தவர். போனில் பேசியதும் தமிழ். "ஹெட் மட்டும் மாத்துவீங்களா, பாடியோட மாத்துவீங்களா?" என்று தெளிவாகக் கேட்டேன். "முழுசா மாத்திடறேன் அக்கா, தண்ணி இறக்காம நான் கை வைக்கவே மாட்டேன். நம்ம ஆளுங்களுக்கே அரைகுறையா செய்வேனா?" என்றார். வந்த அன்று நான் ஆபீஸில். வீட்டில் இருந்த அப்பாவிடம் கேஸ் சேஃப் அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த அட்டை கேஸ் வேலைக்கானது. ரேடியேட்டர் வால்வை மாற்ற அது தேவையும் இல்லை, அது இருப்பதால் இந்த வேலை தெரியும் என்றும் இல்லை. ஆனால் மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்ததும் அப்பா காபி போடப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்ததாம்! பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கீழ்த்தள வடிகுழாயில் ஹோஸ் மாட்டி, தண்ணீரை இறக்கி, மூன்று வால்வையும் கழற்றி, ரேடியேட்டருக்குள் போகும் வால் துண்டுக்கு டேப் சுற்றி, திரும்ப நிரப்பி, எல்லா ரேடியேட்டரிலும் காற்று எடுத்து, பிரஷர் 1-லிருந்து 1.5 பாருக்குள் நிற்கிறதா என்று பார்க்க அரை நாளாவது வேண்டும். "கார்டுன்னா கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும் சார், பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லி, அவர் கண் முன்னாலேயே என்னிடமிருந்து 420 பவுண்டு வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். பில்லில் "வால்வு 3, தண்ணீர் இறக்கி நிரப்பியது, துருத்தடுப்பு மருந்து" என்று அழகாக வரிவரியாக இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே அதே அறை, அதே கொதிப்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயும் வால்வும் சேரும் நட்டின் மேல், முந்தைய வீட்டுக்காரர் ஸ்கர்டிங்கோடு சேர்த்து அடித்த வெள்ளைப் பளபளப்பு பெயின்ட், நட்டிலிருந்து குழாய் வரை ஒரே தோலாக, ஒரு கீறல் இல்லாமல் ஓடுகிறது. மூன்றிலும் அப்படியே. அந்த நட்டை ஒரு சுற்று சுற்றினாலே பெயின்ட் வெடித்திருக்கும். காற்றுத் திருகைக் கொஞ்சம் திறந்து டிஷ்யூவில் பிடித்தேன்: மை மாதிரி கருப்பு. புதுத் தண்ணீர் நிரப்பிய சிஸ்டத்தில் இப்படியா வரும்? புது ஹெட்டைக் கழற்றி ஊசியை அழுத்திப் பிடித்தேன், சூடு இறங்கவே இல்லை. போதாக்குறைக்கு அந்த ஹெட் இந்த வால்வுக்கு உரியதும் இல்லை. எம்30 மரை (30 மில்லிமீட்டர் திருகு அளவு) ஒன்றாக இருந்தால் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஊசி மூடும் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் நல்ல வால்வுகூட முழுசாக மூடாது.

போன் செய்தேன். முதலில் "புது பார்ட் அக்கா, செட்டாக ரெண்டு வாரம் ஆகும்." வால்வு என்ன புது செருப்பா, கால் பழகுவதற்கு? அடுத்து "உங்க பம்ப் ரொம்ப வேகமா ஓடுது, அதான்." பெயின்ட் போட்டோவை அனுப்பிய பிறகு நீல டிக் மட்டும். கழற்றிய பழைய வால்வு எங்கே என்று கேட்டதற்கு "ஸ்கிராப்ல போட்டுட்டேன்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், அதோடு சரி. ஆப்காரர்களோ, "நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம், பணம் எங்கள் வழியாக வரவில்லை" என்கிறார்கள். நான் போட்ட ரிவ்யூவையும் "உறுதி செய்யப்படாத குற்றச்சாட்டு" என்று தூக்கிவிட்டார்கள். அவருடைய ஐந்து நட்சத்திரம் அப்படியே மின்னுகிறது.

சரி, அவசரமாகச் சில விஷயம். என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது.

கார்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது 2018 ஜனவரி 13 முதல் பிரிட்டனில் தடை. கேட்டால் அங்கேயே கதவைக் காட்டுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால், 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் வங்கியிடமே பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். அதைத் தட்டிக்கழிக்கத்தான் டிரான்ஸ்ஃபர் கேட்கிறார்கள்.

ஹெட்டோடு சேர்ந்த 15 மில்லிமீட்டர் வால்வு கடையில் 15-லிருந்து 25 பவுண்டுக்குள் கிடைக்கிறது. பில்லில் பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனி வரி கேளுங்கள்.

வால்வு மூடாத அறையில் உடனே சூட்டை நிறுத்த வேண்டுமானால், ரேடியேட்டரின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு வால்வான லாக்ஷீல்டின் மூடியைக் கழற்றி வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள், திரும்பத் திறக்கும்போது அதே அளவு வேண்டும். மூடிய பிறகும் கீழ் மூலை லேசாக வெதுவெதுப்பாக இருக்கும், அது குழாய் வழியாக ஏறும் சூடு. கோடையில் ஹெட்டை 5-ல் திறந்தே விடுங்கள், ஊசி இறுகாது.

சொந்தப் பெயரில் இல்லாமல் வேறு பெயரில் தொழில் செய்கிறவர், பில்லில் தன் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்பது சட்டம். என் பில்லில் ஒரு மொபைல் நம்பர் மட்டும். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைச் சொல்லி ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்கு) போகலாம்தான், ஆனால் எந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவது? 420 பவுண்டு இப்போதைக்கு அங்கேதான் நிற்கிறது.

இன்னொன்று: கழற்றிய பழைய பித்தளை வால்வை உங்கள் கையில் கொடுத்த பிறகுதான் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.