சுவரா, தீவா? ஈஸ்ட் கோஸ்ட் கரையைக் காக்கும் இரு வழிகள்

சிங்கப்பூரின் சிலோன் சாலையிலுள்ள செண்பக விநாயகர் ஆலயத்தில் வழிபட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்து செல்லும் முதியவர்கள், பழைய கரை இன்றைய மரின் பரேட் சாலையை ஒட்டியே இருந்ததை இப்போதும் சுட்டிக்காட்டுவார்கள். 1966ஆம் ஆண்டு தொடங்கிய நிலமீட்புப் பணி, பிடோக், சிக்லாப் வட்டாரக் குன்றுகளின் மண்ணைக் கொட்டிக் கடலைத் தள்ளி வைத்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளும், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும், விமான நிலையத்திற்குச் செல்லும் விரைவுச்சாலையும் அந்தப் புதுநிலத்தில்தான் எழுந்தன.

அந்த நிலத்தை இப்போது கடலிடமிருந்து காக்க வேண்டியுள்ளது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி, 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். அதனுடன் உயரலையும் புயல் எழுச்சியும் சேர்ந்தால் நீர் 4 முதல் 5 மீட்டர் வரை எழும்பலாம்.

முதல் வழி, கரையோரம் முழுவதும் 3 மீட்டர் வரை உயரமுள்ள தடுப்புச் சுவர் எழுப்புவது. கடலை மேலும் தூர்க்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் சுவர் கடலை மட்டும் தடுப்பதில்லை. மழைநீர் வடிகால்களின் வாயையும் அடைத்துவிடும். ஆகவே கடல் ஏறும்போது மூடவும், தேங்கும் மழைநீரை வெளியேற்றவும் கரை நெடுகிலும் 12 இடங்களில் கதவணைகளும் நீரேற்று நிலையங்களும் தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவற்றுக்கான இடம் பூங்காவிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். வார இறுதியில் பாய் விரித்து, பிள்ளைகளை மணலில் விளையாடவிட்டு, நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்த்தபடி சாப்பிடும் குடும்பங்களுக்குக் கடல் தெரியாமல் போகும்.

இரண்டாவது வழி, 2023 நவம்பரில் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ ஆய்வுக்கு அறிவித்த 'லாங் ஐலண்ட்'. மரினா ஈஸ்ட் முதல் தானா மேரா வரை, கரைக்குச் சற்று அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டேர் நிலத்தை உயரமாக உருவாக்கும் இத்திட்டம், தீவுக்கும் பழைய கரைக்கும் நடுவே ஒரு நீர்த்தேக்கத்தைத் தோற்றுவிக்கும். மழைநீர் அதற்குள் வடியும் என்பதால் வெள்ளத் தடுப்பு, குடிநீர், வீட்டு நிலம் மூன்றும் ஒரே திட்டத்தில் அமைகின்றன. கடலைத் தடுத்து நன்னீரைத் தேக்கும், 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு இம்முறை நடைமுறையில் இயங்கும் என்பதைக் காட்டியுள்ளது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்திற்குப் புதிய நீர்முகப்புப் பூங்காக்களும் கிடைக்கும். கடலைத் தவிர வேறு எல்லையே இல்லாத நகருக்கு இது பெரும் வரம்.

எனினும் விலை சிறியதன்று. மலேசியா 1997இலும் இந்தோனீசியா 2007இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்ததிலிருந்து மணல் அரிய பொருளாகிவிட்டது. புலாவ் தெக்கோங் தீவில் அணைகட்டித் தாழ்நிலத்தை மீட்கும் முறை மேற்கொள்ளப்பட்டதற்கு மணலை மிச்சப்படுத்துவதும் ஒரு காரணம். அதைவிட என்னை வருத்துவது உயிரினங்களின் நிலை. மனிதர் கொட்டிய மண்ணில் அமைந்த இக்கரையிலும் கடற்புல் வேரூன்றியிருக்கிறது. அழுங்காமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து கடலை நோக்கி ஊர்ந்திருக்கின்றன. நடுவிலுள்ள நீர் நன்னீராக மாறும்போது இவை அங்கு வாழ இயலாது.

இரண்டையும் எடைபோட்டால், நான் தீவின் பக்கமே நிற்கிறேன். சுவர் காப்பதோடு நின்றுவிடுகிறது. தீவு காத்து, தண்ணீரும் தருகிறது. ஆயினும் தீவின் வெளிக்கரை செங்குத்தான கற்சுவராக அமையாமல், சரிவான பாறைகளும் ஓதக் குட்டைகளும் மணல்திட்டுகளும் கொண்டதாக, உட்பகுதி மூடப்படுவதற்கு முன்பே உயிர்கள் குடியேறும் வகையில் அமைக்கப்பட வேண்டும். பிடோக் படகுத்துறையில் இரவெல்லாம் தூண்டில் போடுவோருக்கும் அந்த வெளிக்கரையில், கடல்மீன் கிடைக்கும் ஆழத்தில், ஒரு புதிய துறை வேண்டும். பழைய துறைக்குக் கீழே அப்போது நன்னீர்தான் இருக்கும்.