லண்டன் பென்ஷன், திருச்சி வீடு: ஐந்து வருட அனுபவம்

2020 டிசம்பரில் எனக்கு 66 வயது நிறைந்தது. அன்றிலிருந்து பிரிட்டனின் ஸ்டேட் பென்ஷன், அதாவது அந்த அரசு தரும் முதியோர் பென்ஷன், திருச்சிக்கு வந்துகொண்டிருக்கிறது. ஊர் திரும்பும் யோசனையில் இருக்கும் தெரிந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1990 முதல் 2014 வரை நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். ரொட்டித் தொழிற்சாலையில் எனக்குப் பேக்கிங் வேலை. 24 வருடம் சம்பளத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் பிடித்தார்கள். இந்தப் பென்ஷனுக்கு நாம் கட்டும் அரசுச் சந்தா அதுதான். 2016 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி முழுப் பென்ஷனுக்கு 35 வருடம் வேண்டும், குறைந்தது 10 வருடமாவது இருக்க வேண்டும். எனக்கு 35-க்கு 24. நான் வாங்க ஆரம்பித்த வருடம் முழுத்தொகை வாரத்துக்கு 175.20 பவுண்டு, என் பங்கு 120.14. எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம் என்பது இதில் கணக்கே இல்லை. கட்டிய வருடங்கள்தான் கணக்கு.

இந்தப் பென்ஷன் தானாக வராது, நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வயது நிறைய நான்கு மாதம் இருக்கும்போதே போடலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நியூகாசிலில் உள்ள இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டர் பார்த்துக்கொள்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ பதிமூன்று வாரத்துக்கு ஒருமுறையோ வாங்கலாம். நான் நான்கு வாரம் கேட்டேன். மாதச் சம்பளம் மாதிரி ஒரே தேதியில் வராது, தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். பால், மளிகை, மருந்துக்கு இதை நம்பியிருப்பவர்கள் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

முதல் சிக்கல் இனிஷியலில் வந்தது. அங்கே சர்நேம் கேட்பார்கள் என்று பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருந்தோம். இங்கே பாஸ்புக்கில் ஒற்றை எழுத்துதான். பெயர் பொருந்தவில்லை என்று முதல் பணம் திரும்பிப் போய்விட்டது. பாஸ்போர்ட் நகலோடு கிளைக்கு நடந்து, கணக்கில் பெயரை முழுசாக மாற்றிய பிறகுதான் வந்தது. வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு இருக்க வேண்டிய ஸ்விஃப்ட் குறியீடும் அப்படித்தான். எங்கள் கிளைக்குத் தனியாகக் கிடையாது. பெரிய கிளையின் குறியீட்டைப் போட்டு, என் கணக்கு எண்ணைக் கொடுத்தேன். இந்த இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

இனி என் மனதை உறுத்துகிற விஷயம். இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பென்ஷன் உயராது. முதல் நாள் என்ன தொகையோ, அதே தொகைதான் கடைசி வரை. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் கூட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீஷியஸ் போன்ற இடங்களில் குடியேறியவர்களுக்கும் கூடுகிறது. அப்படிக் கூட்டித்தர வழிசெய்யும் ஒப்பந்தம் இந்தியாவோடு இல்லை. இலங்கை, மலேசியா, கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆனெட் கார்சன் என்ற அம்மையார் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2005-இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையிலும், 2010-இல் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றார். பக்கத்து மெஷினில் என்னோடு நின்றவள் கட்டியதும் நான் கட்டியதும் ஒரே விகிதம்தான். இருக்கும் ஊரை வைத்து ஒருத்திக்குக் கூட்டி, இன்னொருத்திக்கு நிறுத்துவது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த முடக்கம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. 2020 கடைசியில் ஒரு பவுண்டு நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. நான்கு வாரத்துக்கு 480.56 பவுண்டு, அதாவது 47,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. 2025-இல் அதே பவுண்டுக்கு 55,000-ஐ ஒட்டி வந்தது. பாஸ்புக்கைப் பார்த்த என் தங்கை, “வருஷா வருஷம் ஏத்துறாங்க போல, பரவாயில்லையே அக்கா” என்றாள். ஏறியது பென்ஷன் இல்லை, ரூபாயின் மதிப்பு இறங்கியிருக்கிறது. உட்கார்ந்து அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2025-26-இல் முழுத்தொகை 230.25 பவுண்டு. அதில் என் பங்கு ஏறக்குறைய 158 ஆகியிருக்க வேண்டும். வாரத்துக்கு 37 பவுண்டுக்கு மேல் குறைகிறது. நான்கு வாரத்துக்கு 150 பவுண்டு. அந்தப் பணத்தில் எங்கள் வீட்டு மருந்துச் செலவு முழுசும் முடிந்து மிச்சமும் இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பிரிட்டனுக்குப் போய்த் தங்கும் நாட்களுக்கு அந்த வருடத்துத் தொகையைக் கேட்டு வாங்கலாம். 2023 ஜூனில் மகன் வீட்டில் ஆறு வாரம் இருந்தேன். தேதிகளைத் தெரிவித்ததும் அந்த வாரங்களுக்கு 140 பவுண்டை ஒட்டிக் கணக்கிட்டார்கள். விமானம் ஏறியதும் பழையபடி 120.

அப்புறம், லைஃப் சர்டிஃபிகேட். உயிரோடு இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு, உறவினர் அல்லாத ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டிய படிவம். 16 வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் பணத்தை நிறுத்திவிடலாம். 2022-இல் எனக்கு அது நடந்தது. வாடகை வீட்டிலிருந்து சொந்த ஃபிளாட்டுக்கு மாறியபோது கேஸ், ஆதார், வங்கி எல்லாவற்றிலும் முகவரி மாற்றினேன், நியூகாசிலுக்கு மட்டும் எழுதவில்லை. படிவம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. பணம் வராத இரண்டாவது தவணையில்தான் சுதாரித்தேன். தொலைபேசியில் பேசி, புது படிவம் வரவழைத்து, எங்கள் டாக்டரிடம் முத்திரையோடு கையெழுத்து வாங்கி அனுப்பினேன். நிறுத்திய தொகை பைசா குறையாமல் மொத்தமாக வந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் நகைக்கடனில்தான் ஓடியது. அன்றிலிருந்து மூன்று மாதச் செலவுக்கான தொகையை எஃப்.டி.யில் தொடாமல் வைத்திருக்கிறேன்.

வரி விஷயம் சுருக்கமாக. பிரிட்டனில் இந்தப் பென்ஷனில் வரி பிடித்து அனுப்புவதில்லை. இங்கே முழுமையாகக் குடியிருப்பவர் ஆகிவிட்டால் இந்திய வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமானம் இருப்பதால் வருமான வரி ரிட்டர்னில் ஐ.டி.ஆர்-1 படிவம் ஆகாது, நான் ஐ.டி.ஆர்-2 போடுகிறேன். அங்கே வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருந்தால் அதையும் அதில் எழுத வேண்டும். வியாபார வருமானம் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்கூட்டியே வரி கட்டும் கட்டாயம் கிடையாது, ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும்.

போன வாரம் அடுத்த லைஃப் சர்டிஃபிகேட் வந்துவிட்டது, இந்த முறை சரியான வீட்டுக்கே. உறையின் மேல் வந்த தேதியைப் பேனாவால் எழுதி, காலண்டரில் 16 வாரம் எண்ணிக் குறித்தாயிற்று. வியாழக்கிழமை பி.பி. பார்க்கப் போகும்போது டாக்டரிடம் நீட்ட வேண்டும்.