தரை கூட்டும் ரோபோவுடன் நான்கு மாதம்

ஆடித் தள்ளுபடியின்போது 32,000 ரூபாய் கொடுத்து ஒரு ரோபோ வேக்குவம் கிளீனர் வாங்கினோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மேலே சுழலும் லேசர், முன்னால் ஒரு கேமரா என்ற ஒரே அமைப்பைக் கொண்டவை, நான் மதிப்பிட விரும்புவதும் அந்த அமைப்பைத்தான். பெட்டியின் மேல் செயற்கை நுண்ணறிவு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன் அருகே இருந்த படம் கேமராவைச் சுட்டியது. நான்கு மாதம் பயன்படுத்திய பிறகு, அந்தப் பெருமை லேசருக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் நாள், மூன்று அறையும் கூடமும் கொண்ட வீட்டைச் சுற்றிவந்து பத்து நிமிடத்திற்குள் வரைபடம் போட்டுவிட்டது. தூண், அலமாரி, கட்டில் கால்கள் எல்லாம் அதில் சரியான இடத்தில் இருந்தன. இது எளிய வேலையன்று. தான் நிற்கும் இடம் தெரிந்தால்தான் வரைபடம் போட முடியும், வரைபடம் இருந்தால்தான் நிற்கும் இடம் தெரியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக்கொண்டே போகலாமென்றால், ஈரத் தரையில் அது வழுக்கி, சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகிவிடும். ஆகவே எந்திரம் தன் இடத்தைப் பற்றி ஒரே முடிவில் நிற்காமல் பல ஊகங்களை வைத்துக்கொண்டு, லேசர் அளக்கும் சுவர்த் தூரங்களோடு ஒத்துவராத ஊகங்களைக் கழித்துக்கொண்டே போகிறது. நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட இந்த முறைகளை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே வளர்த்து வந்திருக்கிறார்கள்.

அண்ணன் மகள் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்துவிட்டாள். அது நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தான் இருக்கும் அறையை வரைபடத்தில் கண்டுபிடித்து, விட்ட வேலையைத் தொடரக் கூடத்துக்குத் திரும்பியது. இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரே ‘கடத்தப்பட்ட ரோபோ’ச் சிக்கல் என்பதுதான். கடத்தியவளுக்கு அதைச் சொன்னபோது மிகவும் பெருமைப்பட்டாள்.

2002இல் வெளிவந்த, ரூம்பா என்ற ரோபோ வேக்குவம் கிளீனரின் முதல் வடிவத்திடம் வரைபடம் என்பதே கிடையாது. வளையமாகச் சுற்றும், சுவரோரம் போகும், முட்டினால் திரும்பும், அவ்வளவுதான். அதைத் தயாரித்த ஐரோபாட் நிறுவனத்தை 1990இல் தொடங்கியவர்களில் ஒருவரான ராட்னி புரூக்ஸ், ரோபோவுக்குள் உலகத்தின் வரைபடத்தைத் திணிக்க வேண்டாம், உணர்வதற்கேற்ப உடனே செயல்பட்டால் போதும் என்று வாதிட்டவர். அந்த ரூம்பாவும் சுத்தம் செய்யத்தான் செய்தது, ஆனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டியது. எங்கள் எந்திரம் நேர்கோடுகளாக, உழவு சால் போல, இடம் விடாமல் போகிறது.

லேசருக்கும் குறைகள் உண்டு. தரையிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்தில் ஒரே கிடைமட்டத்தில் மட்டுமே அது பார்ப்பதால், தரையில் கிடக்கும் சார்ஜர் வயர் அதன் கண்ணில் படுவதில்லை. தரைவரை இறங்கும் நிலைக்கண்ணாடிக்குப் பின்னால், இல்லாத ஓர் அறையையே வரைபடத்தில் சேர்த்துவிட்டது. லேசர் தவறவிடும் தாழ்ந்த பொருள்களைக் கண்டுகொள்ளத்தான் கேமராவும், படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நரம்பணு வலைப்பின்னலும் (கண்ட பொருள் இன்னதென்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு நிரல்) சேர்க்கப்பட்டிருக்கின்றன.

ஏமாற்றம் இங்கேதான். செருப்பு, காலுறை, வயர் ஆகியவற்றை நன்றாகவே அடையாளம் கண்டு விலகுகிறது. ஆனால் அரிவாள்மனையை எடை பார்க்கும் கருவி என்று கைபேசிச் செயலியில் குறித்தது. தேங்காய் நார் மிதியடியின் பிரிந்த ஓரத்தை வயர் என்றது. வாழைப்பழத் தோலைப் பார்த்து, வளர்ப்புப் பிராணியின் கழிவு கிடக்கிறது என்று எச்சரித்தது. எங்கள் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. சுருட்டிய கோரைப்பாயை ஒன்றுமே இல்லை என்று எண்ணி மோதியது. புதிதாகக் காணும் பொருளை, பயிற்சியில் காண்பித்துக் கொடுத்தவற்றில் ஏதோ ஒன்றாக எடுத்துக்கொள்வதும், எதோடும் ஒத்துவராவிட்டால் கண்டுகொள்ளாமல் விடுவதும் இத்தகைய வலைப்பின்னலின் இயல்பு. இதற்குப் பாடமாக இருந்த படங்களில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் போன்றவை குறைவு என்றே ஊகிக்கிறேன்.

அந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் வாங்குவோர் யோசிக்க வேண்டும். சோதனைக்காகச் சில வீடுகளில் ஓடிய இத்தகைய எந்திரங்கள் 2020இல் எடுத்த அந்தரங்கமான படங்கள், படங்களுக்குப் பெயர் குறிக்கும் பணியாளர்கள் வழியாகச் சமூக ஊடகக் குழுக்களுக்குக் கசிந்ததை, எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2022 டிசம்பரில் வெளிக்கொண்டு வந்தது. படங்களைப் பகிரச் சம்மதம் கேட்கும் அமைப்பை நான் முதல் நாளே அணைத்துவிட்டேன்.

உறிஞ்சும் திறனில் குறையில்லை. தலைமுடியும் அரிசியும் மிச்சமில்லாமல் போகின்றன. ஈரத்துணி மேலோட்டமாகத்தான் துடைக்கிறது. படியில் விழாமலிருக்கக் கீழே வைத்துள்ள அகச்சிவப்பு உணரிகள், ஒளியைத் திருப்பி அனுப்பாத கருப்பு கிரானைட் பட்டையைப் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்குகின்றன. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த நிலைப்படியை ஏற முடியாததால், பின்கட்டு அறைக்கு நாம்தான் தூக்கிச் செல்ல வேண்டும்.

அன்று அதே கடையில், கேமரா இல்லாமல் லேசர் மட்டும் உள்ள எந்திரம் 8,000 ரூபாய் குறைவாக இருந்தது. கூட்டுவதற்கு முன் தரையில் கிடப்பதை எடுத்து வைக்கும் வழக்கம் உள்ள வீட்டுக்கு அதுவே போதும். மீண்டும் வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன். பூஜையறையில் வெள்ளிக்கிழமை போட்ட மாக்கோலத்தை முதல் வாரம் முழுவதுமாக உறிஞ்சிவிட்டதால், அந்த இடத்தைச் சுற்றிச் செயலியில் தடைக்கோடு போட்டிருக்கிறேன். கோடு போட்ட இடத்தை அம்மா துடைப்பத்தால் கூட்டுகிறார்.